முதிர்ந்த கையும் புதிய கண்ணும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம்மவர் நாவில் என்றும் நிற்கும் பழமொழி. நல்லொழுக்கத்தை இளமையிலே பழக்கவேண்டும் என்பதற்காக எழுந்த அம்மொழியை நாம் கல்வி அனைத்துக்கும் உரியதாக்கிவிட்டோம். சங்கீதமாயினும் நடனமாயினும் சித்திரமாயினும், பாலப் பருவத்தில் தொடங்காதவனுக்கு வாயில் அடைக்கப்பட்டுவிட்டதென்றே பலரும் எண்ணுகின்றனர். இவற்றுள் சித்திரத்துக்கு மட்டும் இன்னுமொரு தடையும் உண்டு. அதனைப் 'பிறவி வரம்' என்று சொல்லி, வரம் பெறாதாரை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்த்து, "உனக்கு வரம் இல்லை, விட்டுவிடு" என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. சித்திரம் வராத பிள்ளைக்கோ அந்தச் சொல் தாராளமாகக் கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் அச்சொல்லைக் கேட்டுப் பென்சிலைக் கீழே வைத்தவர்கள்தாம் நம்மில் மிகப் பலர்.

நான் அப்பென்சிலை மீண்டும் கையில் எடுத்தது என் 56 ஆவது வயதில். தமிழாசிரியனாக முப்பது ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு, ஓவியன் ஆகவேண்டும் என்ற ஆசை அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஆயினும் இந்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பென்சில் எனக்குக் கற்பித்தவை பல. அவற்றை ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் இலக்கிய அன்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை முதலிலேயே கூறிவிடலாம். முதிர்ந்த வயதிற் சித்திரம் கற்பவன் முதலிற் பெறுவது கைத்திறன் அன்று, காணும் திறன். வன்னி மண்ணில் வாழும் எங்களுக்கு அத்திறன் பொழுதுபோக்கிலும் பெரிய ஒன்று.

விறாந்தையில் ஒரு வகுப்பு

கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலைய விறாந்தையிலே எங்கள் வகுப்பு நடைபெறுகின்றது. சனிக்கிழமைகளிற் பிற்பகல் மூன்று மணி முதல் வெயில் சாயும் வரை. கற்பிப்பவர் என்னிடம் முன்னொரு காலத்தில் தமிழ் கற்ற மாணவி; இன்று சித்திர ஆசிரியை. கற்பவர் ஆறு பேர். நீர்ப்பாசன வேலைகளில் மேற்பார்வையாளராய் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், தையற்கடை நடத்தும் பெண் ஒருவர், கமக்காரர் இருவர், எழுபதை அணுகும் அம்மா ஒருவர், அவர்களோடு நானும். எங்களுள் எவரும் பள்ளிப் பருவத்துக்குப் பின் ஒரு கோடும் கீறியறியாதவர்கள்.

தேவையான பொருள்களோ மிகச் சில. எச்.பி. பென்சில் ஒன்று, 4பி பென்சில் ஒன்று, அழிறப்பர் ஒன்று, கோடில்லாத கொப்பி ஒன்று. பென்சிலின் உள்ளே இருப்பது ஈயம் அன்று, காரீயம் எனப்படும் பென்சிற்கரி. அதனைக் களிமண்ணோடு குழைத்துச் சுடும் முறையை 1795 இல் பிரான்சு நாட்டுக் கொந்தே கண்டறிந்தார். களிமண் கூடினாற் கோடு வன்மையும் வெளிறலும் பெறும். கரி கூடினால் மென்மையும் கருமையும் பெறும். எழுத்துக்களும் எண்களும் குறிப்பது இதனையே. அப்பென்சிற்கரி போகலை, ககட்டகக முதலிய நம் நாட்டுச் சுரங்கங்களில் மிகத் தூயதாய்க் கிடைப்பது என்பதை ஆசிரியை சொன்னபோது, கமக்காரர் ஒருவர் தம் பென்சிலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். மண்ணில் விளைந்தது எதுவாயினும் அவருக்கு அது உறவு.

முதல் நாள் எங்கள் முன் வைக்கப்பட்டது ஒரு மண்பானை. பானையை வரையச் சொன்னால் முதிர்ந்தோர் பெரும்பாலும் ஒரே வகையான பானையைத்தான் வரைவர். வாய் முழு வட்டமாய் இருக்கும். அடியோ அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோடாய் இருக்கும். எல்லோருடைய கொப்பிகளையும் பார்த்தபின் ஆசிரியை பொதுவாய்ச் சொன்னார்:

"சேர், அம்மா, எல்லாரும் கேளுங்கோ. பானையின்ரை வாய் வட்டம் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா இப்ப நாங்கள் இருக்கிற இடத்திலையிருந்து பாக்கேக்கை அது வட்டமாவோ தெரியுது? தெரிஞ்சதை விட்டிட்டுத் தெரியிறதைக் கீறுங்கோ."

தெரிந்தது, தெரிகிறது என்ற இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரமே சித்திரக் கல்வியின் முதற் காதம். பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பானையின் வாய் நீள்வளையமாகவே தோன்றும். கண்மட்டத்துக்கு ஏறஏற அது ஒடுங்கிக் கோடாகும். அதன் அடியோ கீழே இருப்பதால் வளைந்து காணும். இது கண்ணுக்கு எட்டிய உண்மை. எனினும் 'வாய் வட்டம்' என்று மனம் இட்ட கட்டளை கண்ணின் சாட்சியத்தை மறித்துவிடுகின்றது. குழந்தையும் தான் அறிந்ததையே வரைகிறது. ஆனால் குழந்தை அறிந்தவை சில. முதிர்ந்தவன் அறிந்தவை மிகப் பல. ஆகவே அவன் கண்ணுக்கு முன்னாலுள்ள திரையும் தடித்தது. முதிர்ந்த வயதிற் சித்திரம் கடினமாவதற்குக் காரணம் கையின் விறைப்பைவிட மனத்தின் நிறைவே எனலாம்.

திரையை விலக்கும் வழிகள்

இத்திரையை விலக்க ஆசிரியர்கள் பல உபாயங்களைக் கண்டுள்ளனர். அமெரிக்கரான கிமோன் நிக்கொலாயிடெசு என்னும் ஆசிரியரின் நூல், அவர் மறைந்தபின் 1941 இல் வெளிவந்தது. கடதாசியைப் பாராமலே, பொருளின் விளிம்பை எறும்பு ஊர்வதுபோற் கண்ணாற் பின்தொடர்ந்து, அதே வேகத்திற் பென்சிலை நகர்த்தச் சொல்லும் பயிற்சி அதில் உண்டு. முடிவில் வரும் உருவம் கோணலாய்த்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரம் ஒரு வேப்பிலையின் விளிம்பை விட்டுக் கண் அகலாது நின்றது என்பதே அங்கு பெற்ற பயன். வேப்பிலையின் பற்கள் எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதையும், நடுநரம்பின் ஒருபக்கம் மறுபக்கத்தைவிட அகன்றிருப்பதையும் நான் அன்று கண்டேன். வேம்பின் நிழலிலே பிறந்து வளர்ந்தவன் நான்.

1979 இல் பெற்றி எட்வேட்சு என்னும் அம்மையார் வெளியிட்ட நூலோ ஒரு படத்தைத் தலைகீழாய் வைத்துப் பார்த்து வரையச் சொல்கிறது. தலைகீழானதும் மூக்கு மூக்காகவும் கண் கண்ணாகவும் தோன்றாமல், வெறும் கோடுகளும் வளைவுகளுமாய்த் தோன்றும். பெயர் மறைந்ததும் வடிவம் தெளியும். மூளையின் வலப்பாதிக்கும் இடப்பாதிக்கும் அவர் வகுத்த தொழிற் பிரிவினையைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஆயினும் பயிற்சி பயன் தருவது வகுப்பிலே கண்கூடு.

மூன்றாவது உபாயம் இன்னும் எளிது. பொருளை விட்டு, பொருள்களுக்கு இடையிலுள்ள வெளியை வரைதல். மூன்று பனைகள் நிற்கின்றன; பனையை வரையாமல் பனைக்கும் பனைக்கும் நடுவே தெரியும் வானத்துண்டின் வடிவத்தை வரைக. அத்துண்டுக்கு நம் மனத்திற் பெயரில்லை. பெயரில்லாததால் அதைப் பற்றிய முன்முடிவும் இல்லை. கண் உள்ளபடி கண்டு, கை கண்டபடி கீறும். வானத்துண்டுகள் சரியாக அமைந்ததும் பனைகள் தாமாகவே எழுந்து நிற்கும்.

அளவு கோடலுக்கும் ஒரு பழைய வழி உண்டு. கையை முழங்கை மடியாமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிறுத்திப் பெருவிரலால் நீளத்தைக் குறித்தல். தொலைவில் நிற்கும் மாட்டின் உயரம் அருகிலுள்ள வேலிக்கட்டையின் உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு? மனம் 'பாதி' என்னும். பென்சில் 'எட்டில் ஒன்று' என்னும். மாடு பெரியது என்னும் அறிவு, அது சிறிதாய்த் தோன்றுவதை நாம் காணாதபடி செய்கிறது. வகுப்பில் நாங்கள் பலமுறை அளந்தும் ஒவ்வொரு முறையும் வியந்தது இதற்குத்தான்.

கண்ணுள் வினைஞர்

தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இவ்விடத்தே ஒரு சொல்லை நினையாமல் இருக்க முடியவில்லை. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று வழங்குகின்றன. காண்பாருடைய கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என்று நச்சினார்க்கினியர் அதனை விளக்குவார். பல்லாண்டு இவ்வுரையை மாணவருக்குச் சொல்லி வந்தேன். பென்சில் பிடித்த பின்னர் அத்தொடருக்கு மற்றொரு பொருளும் என் உள்ளத்தில் உதித்தது. பிறர் கண்ணுள் வினை நிகழ்த்து முன்னர் ஓவியன் தன் கண்ணுள்ளே ஒரு வினை நிகழ்த்தியாக வேண்டும். உரையாசிரியர் கூறாத பொருள்தான். எனினும் பயிலும் ஒவ்வொருவரும் அனுபவத்தால் அறியும் பொருள்.

வண்ணம் தீட்டாத கோட்டுருவைப் 'புனையா ஓவியம்' என்றது நெடுநல்வாடை. புனைந்த பின்னும் மறையாமல் நிற்கவேண்டியது புனையா ஓவியமே என்பதை வண்ணப் பெட்டியைத் திறக்கும் நாளில் எவரும் உணர்வர். சித்திரத்தைக் கைப்பழக்கத்தோடு சேர்த்துச் சொன்ன ஔவையாரும் வரத்தைப் பற்றி அங்கே ஒன்றும் கூறவில்லை. பழக்கம் என்றே கூறினார். பழக்கத்துக்கு வயதெல்லை ஏது?

வெளியுலகிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1854 இல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி நிறுவப்பட்டபோது, யோன் இரஸ்கின் என்னும் பேரறிஞர் அங்கே தச்சருக்கும் கைவினைஞருக்கும் மாலை வேளைகளில் சித்திரம் கற்பித்தார். தச்சனை ஓவியனாக்குவது தம் நோக்கமன்று, அவன் தச்சனாகவே இருந்து மேலும் மகிழ்ச்சி பெறவேண்டும் என்பதே தம் நோக்கம் என்று பின்னர் ஓர் அரச விசாரணைக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். 1857 இல் தொடக்கக்காரருக்காக அவர் எழுதிய நூலில், கையிற் கிடைக்கும் ஓர் உருண்டைக் கல்லை வரையச் சொல்கிறார். அந்தக் கல்லின் உருட்சியை ஒளியாலும் நிழலாலும் காட்டத் தெரிந்தவனுக்கு மற்றவை எட்டாதவை அல்ல என்பது அவர் துணிபு.

இரவீந்திரநாத தாகூர் தம் கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்து விளையாடத் தொடங்கி, அறுபதைக் கடந்த பின்னரே ஓவியத்தை முழு ஈடுபாட்டோடு மேற்கொண்டார். அவருடைய ஓவியங்களின் முதற் காட்சி 1930 இல் பாரிசு நகரில் நிகழ்ந்தது. வாழ்நாளில் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். 1934 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்த அந்தக் கவிஞர், அப்போது உலகறிந்த ஓவியரும் ஆவார். நம் நாட்டு யோர்ஜ் கீற்று, ஓவியப் பள்ளி எதிலும் பயிலாதவர். 26 வயதளவில் தூரிகை எடுத்து, 1943 இல் கொழும்பில் தோன்றிய '43 குழுவின் முன்னணி ஓவியராய் விளங்கினார். அமெரிக்க நாட்டுக் கமக்காரப் பெண்ணான மோசெசுப் பாட்டியோ முடக்குவாதத்தால் ஊசி பிடிக்க இயலாமற் போகவே, எழுபதின் பிற்பாதியில் தூரிகை பிடித்தார். தம் இளமையில் இருந்து, பின்னர் மறைந்துபோன நாட்டுப்புற வாழ்வையே அவர் நினைவிலிருந்து தீட்டினார். 1961 இல் தம் 101 ஆவது வயதில் மறையும் வரை தீட்டிக்கொண்டிருந்தார். மறைந்த வாழ்வை நினைவிலிருந்து தீட்டுதல் என்னும் இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அதற்குப் பின்னர் வருவேன்.

நம் அயலிலே நடந்தது

முதிர்ந்தோர் கூடிச் சித்திரம் பயில்வது வடபுலத்துக்கும் புதியதன்று. இலங்கையிற் சித்திரக் கல்வி அதிகாரியாய் இருந்த சார்ல்ஸ் பிறீகுறோவ் வின்சர் என்னும் ஆங்கிலேயர் பாடசாலைகளிற் சித்திரப் பாடத்துக்குப் புத்துயிர் அளித்தவர். அவர் பெயராலே 1938 இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். அங்கே கூடிப் பயின்றவர்களிற் பலர் ஏற்கெனவே ஆசிரியராய் இருந்தவர்கள். பகலிற் கற்பித்தவர்கள் ஓய்வு நாளில் மாணவராய் அமர்ந்தனர். பின்னாளில் இயங்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் பெயரே அதன் இயல்பைச் சொல்லும். பிழைப்புக்கு ஒரு தொழில், விடுமுறைக்கு ஒரு கலை.

அம்மரபில் வந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) பலருக்குக் கண் திறந்த ஆசான். 1987 இல் அவரைச் சிறப்பித்துத் 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வெளிவந்தது. 1995 இன் பெரும் இடப்பெயர்விலே குடாநாட்டை விட்டுப் பெருநிலத்துக்கு வந்தபோது தம் படைப்புகளிற் பலவற்றை அவர் விட்டுவர நேர்ந்தது. ஓவியனுக்கு நேர்ந்த அந்த இழப்பு, ஓவியம் அறியாத குடும்பங்களுக்கும் வேறு வகையில் நேர்ந்தது. அவரவர் வீட்டுச் சுவரில் தொங்கிய கலியாணப் படமும், அலுமாரியில் இருந்த புகைப்பட ஏடும், காணி உறுதியும் ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாய்க் கைநழுவின. 2009 இல் போர் முடிந்தபோது, தம் தாயின் முகத்துக்குக்கூட ஒரு படம் இல்லாத குடும்பங்கள் வன்னியிற் பல இருந்தன.

குளக்கட்டிலே வண்ணம்

இரண்டாம் ஆண்டில் ஆசிரியை எங்களை விறாந்தையை விட்டு இரணைமடுக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவுற்ற குளம் அது. தெற்கே பார்த்தால் நீர்ப்பரப்பும் அதற்கப்பாற் காடும். வடக்கே திரும்பினால் வாய்க்காலும் வயலும். நீர்வர்ணத்தின் முதல் விதியை அங்கே கற்றோம். வெளிச்சத்தை முதலிலும் இருளைப் பின்னரும் இடவேண்டும். வெள்ளைக்கு வர்ணம் இல்லை. கடதாசியின் வெண்மையைத் தீண்டாது விடுவதே வெள்ளை. கொக்கு வேண்டுமானாற் கொக்கைத் தவிர்த்து மற்றெல்லாவற்றையும் தீட்டவேண்டும்.

வானம் முழுதும் ஒரே நீலம் அன்று; உச்சியில் அடர்ந்து, அடிவானை நெருங்கவெளுத்து வரும். தொலைவிலுள்ள காடு பச்சை அன்று. இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அது நீலச் சாம்பலாகத் தெரியும். பனையோலையின் பச்சை வேறு, மார்கழி நெற்பயிரின் பச்சை வேறு, மருதமரத்தின் பச்சை வேறு. குழாயிலிருந்து பிதுக்கிய பச்சை இவற்றுள் எதற்கும் பொருந்தாது. மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, சிறிது செம்மண் நிறம் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடவேண்டும். காலபோகப் பயிரைப் பார்த்து, "இது பசளை காணாத பச்சை" என்று கமக்காரர் ஒருவர் சொன்னார். நிறத்தை ஓவியன் பார்ப்பதுபோலவே கமக்காரனும் பார்க்கிறான். அவன் அதை வாசிக்கிறான் என்பதே வேறுபாடு. நீர்ப்பாசன மேற்பார்வையாளரோ துருசையும் வான்கதவையும் நாங்கள் வியக்கும்படி வரைந்தார். நாற்பது ஆண்டு பார்த்துப் பழகிய பொருளின் எலும்பு அவர் கையிலே இருந்தது. முதிர்ந்த மாணவன் வெறுங்கையோடு வருவதில்லை. வாழ்ந்த வாழ்வு முழுவதும் அவனோடு வகுப்புக்கு வருகிறது.

ஒரு யன்னல்

எங்களுள் மூத்தவரான அம்மாவைப் பற்றிச் சொன்னாலன்றி இக்கட்டுரை நிறைவுறாது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. மீளக் குடியேறச் சென்றபோது அத்திவாரமும் கிணறும் மாத்திரம் எஞ்சியிருந்தன. ஒரு புகைப்படமும் இல்லை. வெளிநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைகள், "அம்மம்மா, உங்கட வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டபோது, வாயாற் சொல்லிச் சொல்லி அலுத்து, வரைந்தே காட்டுவதெனத் துணிந்து வகுப்புக்கு வந்தவர் அவர். பானையும் வேப்பிலையும் அவருக்கு வழி, வீடே இலக்கு.

ஒன்றரை ஆண்டின் பின் அவர் வீட்டைத் தொடங்கினார். முதலில் வளவின் வரைபடம். படலை எங்கே, கிணறு எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே? நீளங்களை அவர் கால் நினைவு வைத்திருந்தது. குசினியிலிருந்து கிணற்றுக்கு இருபத்திரண்டு எட்டு. தலைவாசலிலிருந்து படலைக்கு நாற்பது. அவ்வெட்டுக்களை அளவாகக் கொண்டு ஆசிரியை வரைபடத்தை ஒழுங்கு செய்தார். பின்னர் முன்பக்கத் தோற்றம். திண்ணையும் தூணும் ஓட்டுக்கூரையும் முருங்கையும் ஒவ்வொன்றாய்க் கடதாசிக்கு வந்தன. முன்யன்னல் வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

"நாப்பது வருசம் இருந்த வீடு, மாஸ்ரர். அந்த யன்னலுக்கு எத்தினை கம்பி எண்டு நான் ஒருநாளும் எண்ணிப் பாக்கேல்லை" என்றார்.

ஐந்து கம்பி போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அருகிலிருந்த ஒருவர் ஆறுதலாய்ச் சொன்னார். அம்மா தலையசைத்து மறுத்தார். "தெரியாததைக் கீறினா அது என்ரை வீடில்லை." படம் முடிந்தபோது யன்னல் இருக்கவேண்டிய சதுரம் வெறுங்கடதாசியாகவே விடப்பட்டிருந்தது. அவ்வெள்ளைச் சதுரத்தோடுதான் அப்படம் கடல் கடந்து சென்றது.

இவ்வாறு வரைந்தவர் அவர் ஒருவர் மாத்திரம் அல்லர். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்படும் தலைப்பிலே ஒரு கலைநூலை ஆக்கினார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே கீறினர். அவற்றைத் தொடர்ந்து கட்டடக்கலை முறையில் திருத்தமாய் வரைந்த படமும் ஓவியரின் சித்திரமும் அந்நூலில் இடம்பெற்றன. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணி நிலங்களைப் பதிந்துவைத்த ஏடு. அரசினர் வரி கொள்வதற்காக எழுதிய அவ்வேட்டின் பெயரை, மக்கள் தம் நினைவு காப்பதற்காக எழுதிய ஏட்டுக்கு இட்டது பொருத்தமே. அந்த 80 பேரும் ஓவியர் அல்லர். கோணலான அவர்களின் கோடுகளுக்குள்ள பெறுமதியை நேரான கோடு எதுவும் ஈடுசெய்யாது.

"கைத்தொலைபேசி இருக்கும் காலத்தில் கையால் வரைவது எதற்கு?" என்று என் மாணவர் சிலர் கேட்கின்றனர். நியாயமான வினா. இருப்பதைப் பதிவதற்குத் தொலைபேசி போதும். இல்லாமற் போனதை அது பதியாது. அதற்கு நினைவும் கையும் வேண்டும். மேலும், ஒரு நொடியில் எடுத்த படம் எடுத்தவனிடத்தே தங்குவதில்லை. அரை மணி நேரம் நின்று வரைந்த வேப்பிலை என்னை விட்டு இனிப் போகாது. "வேலையும் வருமானமும் தேடும் மண்ணில் இஃது எதற்கு?" என்ற வினாவும் எழலாம். வேலைக்கு இது மாற்று என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமையில் மூன்று மணி நேரம், தான் இழந்ததைப் பிறர் எழுதும் அறிக்கையில் ஓர் எண்ணாக அல்லாமல், தன் கையால் ஒரு வடிவமாகக் காண்பதற்கு மனிதருக்கு உரிமை உண்டு என்றே சொல்கிறேன்.

அம்மாவின் வெள்ளைச் சதுரம் எங்கள் வகுப்பின் போக்கையே மாற்றியது. அதன்பின் நாங்கள் ஒவ்வொருவரும் இன்று நிற்பவற்றை வரையத் தலைப்பட்டோம். தையற்கடைப் பெண் தம் தாயின் கைகளை வரைந்துகொண்டிருக்கிறார். கமக்காரர் தம் கொட்டிலையும் சூட்டுக்களத்தையும் வரைகிறார். நான் எங்கள் தெருவின் படலைகளை ஒன்றொன்றாய் வரைந்து வருகிறேன், இதுவரை பதினேழு. கம்பிகளையும் சட்டங்களையும் எண்ணியே வரைகிறேன்.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒருசில சொற்கள். நல்ல கடதாசி கிடைக்கும் வரை காத்திராதீர்கள். கொப்பியின் பின்பக்கம் போதும். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமருங்கள். முகத்தில் தொடங்காமற் செம்பிலும் செருப்பிலும் தொடங்குங்கள். வரைந்ததைக் கிழிக்காமல் நாளிட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்கள் கண் நடந்து வந்த வழி தெரியும். கூடுமாயின் இருவர் மூவராய்ச் சேர்ந்து பயிலுங்கள்; பிறர் கொப்பியைப் பார்த்தலும் ஒரு பாடம்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகளிற் சித்திர அறைகள் சனி ஞாயிறுகளிற் பூட்டிக் கிடக்கின்றன. மாதம் ஒருமுறையாவது அவற்றை ஊரிலுள்ள முதியோருக்குத் திறந்துவிடுங்கள். பேரன் வரையும் மேசையிற் பாட்டியும் இருந்து வரையட்டும். மறைந்த வீடுகளையும், தூர்ந்த கிணறுகளையும், வெட்டுண்ட மரங்களையும் தம் நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எட்டுக்கணக்கும் படலையின் திசையும் அவர்களோடு போய்விடு முன்னர், ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.